பத்து டாலர் ஒயினும் பால் விடாத டீயும்

கலிஃபோர்னியாவில் ஓரளவு பெரிய சூப்பர்மார்க்கெட் எதற்குள் நுழைந்தாலும் ஒயினுக்கென்று ஒரு முழு வரிசை இருக்கும். பாட்டில்கள் சில நூறு தேறும். விலை நான்கைந்து டாலரில் தொடங்கி நூறு டாலரைச் சாதாரணமாகத் தாண்டும். யாரோ வீட்டில் விருந்து, வெறுங்கையோடு போகக்கூடாது என்று இந்த வரிசை முன் வந்து நிற்பவர் என்ன செய்வார்? லேபிளில் படம் அழகாக இருப்பதை எடுப்பார். இல்லையேல், ஆகக் குறைந்த விலைக்கு அடுத்த விலையில் இருப்பதை எடுப்பார் (ஆகக் குறைந்ததை எடுத்தால் கஞ்சத்தனம் வெளியே தெரிந்துவிடுமே). ரொம்பப் பயந்த சுபாவமென்றால் முப்பது டாலரைக் கொடுத்துவிட்டு, விலைக்கேற்ற சரக்காகத்தான் இருக்கும் என்று நம்பிக்கொண்டு வெளியே வருவார்.

இந்தப் பயந்த சுபாவக்காரருக்காகத்தான் இந்தக் கட்டுரை. பத்து, மிஞ்சிப்போனால் பன்னிரண்டு டாலர். லேபிளில் திராட்சை ரகத்தின் பெயர். இந்த இரண்டும் இருந்தால், உள்ளே இருப்பது எப்படி இருக்கும், எந்தச் சாப்பாட்டோடு சேரும் என்பதைப் பாட்டிலைத் திறக்காமலே பெரும்பாலும் ஊகித்துவிடலாம். குடியுங்கள் என்று யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை. நம்மூர் பாட்டில்களில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை ஒயினுக்கும் பொருந்தும். குடிக்காதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். டீ, புளி, மிளகு எல்லாம் நடுவில் வரும்.

முதலில் அந்தப் பெயர். ஐரோப்பாவில், குறிப்பாக பிரான்ஸில், ஒயினுக்கு ஊர்ப் பெயர்தான் வழக்கம். பர்கண்டி, பார்டோ, ஷப்லி எல்லாமே இடங்கள். எந்த ஊரில் எந்தத் திராட்சை விளையும் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. மணப்பாறை என்றால் முறுக்கு என்று வெளிநாட்டுக்காரருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறதல்லவா, அது மாதிரி. கலிஃபோர்னியாக்காரர்கள் நெடுங்காலம் இந்த ஊர்ப் பெயர்களைக் கூச்சமில்லாமல் இரவல் வாங்கினார்கள். எந்தத் திராட்சையைப் பிழிந்திருந்தாலும் சிவப்பாக இருந்தால் பர்கண்டி, வெளுப்பாக இருந்தால் ஷப்லி. கேலோ நிறுவனத்தின் ஹார்ட்டி பர்கண்டிக்கும் பிரான்ஸின் பர்கண்டிக்கும் பெயர்ப்பொருத்தம் தவிர வேறு பொருத்தம் கிடையாது.

1930களின் இறுதியில் ஃபிராங்க் ஷூன்மேக்கர் என்கிற ஒயின் வியாபாரி இதை மாற்றக் கிளம்பினார். இரவல் பெயர் எதற்கு, எந்தத் திராட்சையோ அதன் பெயரையே லேபிளில் போடுங்கள் என்றார். அப்படிப் பெயர் போட்டவையே வெரைட்டல் ஒயின்கள். ரகத்தின் பெயர் தாங்கிய ஒயின் என்று வைத்துக்கொள்ளலாம். பரவுவதற்கு நாளானது. 1976இல் பாரிஸில் பிரெஞ்சு நடுவர்கள் கண்ணுக்கு மறைத்து ருசி பார்த்த போட்டியில் கலிஃபோர்னியாவின் ஒரு கேபர்னேயும் ஒரு ஷார்டனேயும் பிரெஞ்சுப் பெருந்தலைகளை முந்தியபின், திராட்சையின் பெயர் போடுவது கௌரவமாகவே ஆகிவிட்டது.

பெயர் போட்டால் அது மட்டும்தான் உள்ளே இருக்குமா? இல்லை. அமெரிக்கச் சட்டப்படி 75 சதவிகிதம் இருந்தால் போதும். 1983க்கு முன்பு 51 சதவிகிதமே போதுமானதாக இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஆஸ்திரேலியாவிலும் 85. ஆரிகன் மாநிலம் தன் செல்லப்பிள்ளை பினோ நுவாருக்கு 90 என்கிறது. ஆக, பத்து டாலர் மெர்லோவில் கால் பங்கு வேறு ஏதாவது இருக்கலாம். கலப்படம் என்று கோபப்பட வேண்டாம். மிகப் பெரிய விலைக்குப் போகும் பார்டோ ஒயின்களே இரண்டு மூன்று ரகங்களின் கலவைதான்.

இப்போது விலைக்கு வருவோம். 2008இல் கால்டெக் ஆராய்ச்சியாளர்கள் இருபது பேரை எம்ஆர்ஐ எந்திரத்துக்குள் படுக்கவைத்து, குழாய் வழியாக கேபர்னே ஒயினைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தார்கள். ஐந்து டாலர் ஒயினையே ஒருமுறை ஐந்து டாலர் என்றும் இன்னொருமுறை நாற்பத்தைந்து டாலர் என்றும் சொன்னார்கள். நாற்பத்தைந்து என்றபோது அது அதிகம் பிடித்தது. வாய்விட்டுச் சொன்னது மட்டுமில்லை. இன்பத்தைக் கணக்கிடும் மூளைப் பகுதியிலும் ரத்த ஓட்டம் கூடியது. அதாவது அவர்கள் நடிக்கவில்லை, நிஜமாகவே கூடுதலாக ரசித்திருக்கிறார்கள்.

அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வில், விலை தெரியாமல் ருசித்துப் போட்ட ஆறாயிரத்துச் சொச்சம் மதிப்பெண்களை அலசினார்கள். பயிற்சி இல்லாத சாதாரண ஜனங்களுக்கு விலை கூடிய ஒயின் தம்மாத்தூண்டு குறைவாகத்தான் பிடித்திருந்தது. நிபுணர்களுக்கு அப்படி இல்லை, கொஞ்சம் மறுதிசையில் போனது. சரி, நிபுணர்களையே நம்பிவிடலாம் என்றால் பார்டோவில் 2001இல் வெளியான சோதனை ஒன்று இருக்கிறது. ஒயின் படிப்பு படிக்கும் 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். மோந்து பார்த்துவிட்டு, சிவப்பு ஒயினை வர்ணிக்கும் சொற்களாகவே எடுத்து எழுதினார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை சார்லஸ் ஷா உடையது. 2002இல் டிரேடர் ஜோ கடைகளில் பாட்டில் 1.99 டாலருக்கு வந்தது. 'டூ பக் சக்', அதாவது இரண்டு டாலர் சக், என்று செல்லப்பெயர். 2007இல் கலிஃபோர்னிய மாநிலப் பொருட்காட்சியின் போட்டியில் அதன் ஷார்டனே கலிஃபோர்னியாவின் சிறந்த ஷார்டனே என்று பரிசு வாங்கிவிட்டது. இரண்டு டாலர்க்காரர்களுக்கு ஒரே குஷி. ஆனால் அதே போட்டியின் நடுவர்களை ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர் தனியாகச் சோதித்துவந்தார். ஒரே பாட்டிலிலிருந்து மூன்று கோப்பைகளை, மற்ற கோப்பைகளின் நடுவே கலந்து, சொல்லாமல் வைத்தார். மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண் போட முடிந்தவர்கள் பத்தில் ஒருவர் அளவுக்கே. ஆகவே அந்தப் பரிசு சார்லஸ் ஷா உசத்தி என்பதற்கும் சாட்சியில்லை. பரிசுப் பதக்கம் ஒட்டிய பாட்டிலுக்காகக் கூடுதலாக மூன்று டாலர் தரவேண்டாம் என்பதற்கு வேண்டுமானால் சாட்சி.

இதற்காக விலையில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. புது பிரெஞ்சு ஓக் பீப்பாய் ஒன்று ஆயிரம் டாலரைத் தொடும். அதில் 225 லிட்டர் பிடிக்கும், அதாவது 300 பாட்டில். பீப்பாய்க்கு மட்டுமே பாட்டிலுக்கு மூன்று டாலருக்கு மேல் ஆயிற்று. பத்து டாலர் ஒயினுக்கு இது கட்டுப்படியாகாது. எனவே எஃகுத் தொட்டிக்குள் ஓக் சிராய்களையோ பலகைகளையோ ஊறப்போட்டு வாசனையை இறக்குவார்கள். நிலத்தின் விலை அடுத்தது. நாபா பள்ளத்தாக்கில் விளைந்ததற்கு நாபா விலை. மலிவுச் சரக்கில் பெரும்பகுதி வெயில் கொளுத்தும் மத்தியப் பள்ளத்தாக்கிலிருந்து, எந்திரம் உலுக்கிப் பறித்த திராட்சையில் வருவது. வெயில் ஏற ஏறத் திராட்சையில் சர்க்கரை கூடும், மாலிக் அமிலம் குறையும். புளிப்பு போதாமல் போனால் டார்டாரிக் அமிலத்தை வெளியிலிருந்து சேர்ப்பார்கள். கலிஃபோர்னியாவில் சர்க்கரை சேர்க்கத்தான் தடை, அமிலம் சேர்க்கலாம்.

இந்த டார்டாரிக் அமிலம் நமக்குப் புதிதில்லை. நம் புளியின் புளிப்பும் அதேதான். எலுமிச்சைக்கு சிட்ரிக், ஆப்பிளுக்கு மாலிக், தயிருக்கு லாக்டிக் என்று பழத்துக்கும் பண்டத்துக்கும் அமிலம் மாறும். டார்டாரிக் தூக்கலாக இருக்கும் உணவுப் பொருட்கள் குறைவு. அந்தக் குறைந்த கூட்டத்தில் திராட்சையும் புளியும் பக்கத்துப் பக்கத்து வீடு.

ஆக, மலிவு ஒயினில் கிடைக்காமல் போவது நுணுக்கம். ஒரு வாய் விழுங்கியபின் அரை நிமிடம் நாக்கில் நின்று கதை சொல்வது, பத்து வருடம் வைத்தால் மெருகேறுவது, இந்தச் சமாச்சாரமெல்லாம் இருக்காது. தனியாகக் கோப்பையைச் சுழற்றி, மோந்து, தியானிப்பதற்கு அது லாயக்கில்லை. சாப்பாட்டோடு குடிப்பதற்கு அந்த நுணுக்கம் அவ்வளவாகத் தேவையுமில்லை. பூண்டும் வெங்காயமும் வதங்கிய ஒரு கவளத்துக்குப் பின் எந்த நுணுக்கம் நாக்கில் நிற்கப்போகிறது? சாப்பாட்டோடு மோதுவதும் சேர்வதும் நான்கு விஷயங்கள்: துவர்ப்பு, புளிப்பு, இனிப்பு, ஆல்கஹால். இந்த நான்கும் திராட்சை ரகத்தைப் பொறுத்தே பெரிதும் அமைகின்றன, பத்து டாலரிலும்.

துவர்ப்பைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்தவர்கள் நாம். பாக்கு, வாழைப்பூ, கடுக்காய், காய் நாவல் என்று சொன்னாலே வாய் இழுத்துக்கொள்ளும். ஒயினில் இதற்குக் காரணம் டானின். கறுப்புத் திராட்சையானாலும் உள்ளே சதையும் சாறும் பெரும்பாலான ரகங்களில் நிறமற்றவை. சாற்றைத் தோலோடும் விதையோடும் சேர்த்துப் புளிக்கவிட்டால் நிறமும் டானினும் இறங்கிச் சிவப்பு ஒயின். தோலைப் பிரித்துவிட்டுச் சாற்றை மட்டும் புளிக்கவைத்தால் வெள்ளை. அதனால்தான் வெள்ளை ஒயினில் துவர்ப்பு அநேகமாக இல்லை.

நம் எச்சிலில் புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைந்த புரதங்கள் உண்டு. வாய்க்கு வழவழப்பைத் தருவதில் அவற்றுக்குப் பங்குண்டு. டானின் போய் இந்தப் புரதங்களைப் பிடித்துத் திரளச் செய்துவிடுகிறது. வழவழப்பு போய் வாய் சொரசொரவென்று ஆகிறது. இப்போது டீயை நினைத்துக்கொள்ளுங்கள். பால் விடாத கடுந்தேநீர் துவர்க்கிறது. பால் விட்டால் துவர்ப்பு அடங்குகிறது, ஏனென்றால் டீயின் டானினுக்குப் பிடித்துக்கொள்ளப் பாலின் கேசின் புரதம் கிடைத்துவிட்டது, நம் எச்சிலை விட்டுவிடுகிறது. கேபர்னே ஒயினோடு சீஸும் மாட்டிறைச்சியும் சேர்வதற்கும் இதுவே காரணம். புரதமும் கொழுப்பும் உப்பும் டானினின் முரட்டுத்தனத்தைத் தணிக்கின்றன. ஒயின் புத்தகங்கள் பக்கம் பக்கமாக வர்ணிக்கும் அந்தப் பொருத்தத்தை நம் டீக்கடை மாஸ்டர் தினம் நூறு தடவை நிகழ்த்துகிறார்.

புளிப்பு எளிது. வறுத்த மீனின் மேல் எலுமிச்சம்பழம் பிழிகிறோமே, அந்த வேலையைப் புளிப்பான வெள்ளை ஒயின் செய்யும். எண்ணெய்ப் பிசுக்கை வெட்டும். ஒரே நிபந்தனை, ஒயின் சாப்பாட்டின் அளவுக்காவது புளிப்பாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் மாதிரித் தோன்றும். இனிப்புக்கும் இதே கணக்கு. ஜாங்கிரி தின்ற கையோடு காபி குடித்தால் சர்க்கரையே போடாத மாதிரி இருக்குமில்லையா? கேக்கோடு இனிப்பில்லாத கேபர்னே குடித்தாலும் அதே கதிதான். கல்யாணங்களில் கேக்கோடு இதைப் பரிமாறுவது ஏன் என்று எனக்கு விளங்கியதே இல்லை.

ஆல்கஹாலைப் பற்றி நம் சாப்பாட்டுக்கு வரும்போது.

இனி ரகங்கள். சிவப்பில் கேபர்னே சாவின்யோன்தான் ராஜா. தடித்த தோல், தூக்கலான டானின். இதன் பூர்வீகம் 1997 வரை தெரியாமல் இருந்தது. டேவிஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கரோல் மெரிடித்தும் ஜான் பவர்ஸும் டிஎன்ஏவை வைத்துப் பார்த்தபோது, ஒரு பக்கம் கேபர்னே ஃபிராங்க் என்ற சிவப்பு, இன்னொரு பக்கம் சாவின்யோன் பிளாங் என்ற வெள்ளை என்று தெரிந்தது. பெயரிலேயே இரண்டு பெற்றோரும் இருந்திருக்கிறார்கள்! குடைமிளகாயை நறுக்கும்போது வரும் பச்சை வாசனைக்குக் காரணமான மெத்தாக்ஸிபைரஸின் மூலக்கூறு இந்தக் குடும்பத்துச் சொத்து. நன்கு பழுக்காத கேபர்னேயில் அது எட்டிப் பார்க்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் சில நானோகிராம் இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும்.

கேபர்னேக்கு ஸ்டேக், பர்கர், ஆட்டுத்தொடை. சைவர்களுக்கு நாள்பட்ட செட்டர் சீஸ், வெண்ணெயில் வதக்கிய காளான், தணலில் சுட்ட கத்தரிக்காய். மீனோடு வேண்டாம். இது வெறும் சம்பிரதாயம் என்று நினைத்திருந்தவர்களுக்கு 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காரணம் காட்டினார்கள். ஒயினில் உள்ள இரும்பு, கடலுணவின் கொழுப்போடு வினைபுரிந்து கவிச்சி வாசனையைக் கிளப்புகிறது. இரும்பு கூடக்கூடக் கவிச்சியும் கூடியது. சிவப்பு ஒயின்களில் இரும்பு பொதுவாக ஜாஸ்தி.

மெர்லோ, கேபர்னேயின் சாதுவான உறவுக்காரர். கேபர்னே ஃபிராங்க் இரண்டுக்கும் பெற்றோர். துவர்ப்பு குறைவு, பிளம்ஸ் பழ வாசனை. சுட்ட கோழிக்கும் பாஸ்தாவுக்கும் பொருந்தும். 2004இல் வந்த 'சைட்வேஸ்' படத்தில் கதாநாயகன் மெர்லோவைக் கண்டபடி திட்டுவான், பினோ நுவாரைத் தலையில் வைத்துக் கொண்டாடுவான். அமெரிக்காவில் மெர்லோ விற்பனை அடிவாங்கியது, பினோ ஏறியது. கடைசியில் அதே கதாநாயகன் பொக்கிஷமாக வைத்திருந்து குடிக்கும் 1961 ஷெவல் பிளாங், கேபர்னே ஃபிராங்க்கும் மெர்லோவும் கலந்த ஒயின். ஃபேஷன் போனதில் நமக்கு லாபம். பத்து டாலருக்குக் கிடைக்கும் மெர்லோ பத்து டாலர் பினோவைவிடப் பெரும்பாலும் தேவலை.

சிலி நாட்டு மெர்லோ வாங்கினால் ஒரு சுவாரஸ்யம். அங்கே தலைமுறைகளாக மெர்லோ என்று பயிரிட்டதில் பெரும்பங்கு மெர்லோவே இல்லை, பிரான்ஸில் பூச்சி தின்று ஏறத்தாழ அழிந்துபோன கார்மனேர் என்று 1994இல் ழான்-மிஷெல் பூர்சிகோ என்ற பிரெஞ்சு நிபுணர் தோட்டத்தில் நின்று சொன்னார். இப்போது கார்மனேர் என்றே பெயர் போட்டு மலிவாக வருகிறது. குடைமிளகாய் வாசனை கேபர்னேயைவிடத் தூக்கல். பொரித்த கத்தரிக்காய், ராஜ்மா இவற்றோடு நன்றாகவே இருக்கும்.

பினோ நுவார் பற்றிச் சுருக்கமாக: மெல்லிய தோல், குளிர்ந்த ஊர், குறைந்த விளைச்சல். மலிவாகச் செய்ய இது தோதான திராட்சை இல்லை. பன்னிரண்டு டாலருக்குள் தேடவேண்டாம். மால்பெக், பிரான்ஸின் கஹோர் பகுதியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் அர்ஜென்டினாவுக்குப் போய் அங்கேயே குடியுரிமை வாங்கிவிட்டது. சுட்ட இறைச்சி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மலிவுச் சிவப்புகளில் என் முதல் ஓட்டு இதற்கே.

ஷிராஸுக்கு வருகிறேன். பிரான்ஸில் சிரா, ஆஸ்திரேலியாவில் ஷிராஸ், இரண்டும் ஒன்றே. மிளகு வாசனை அடிக்கிறது என்று ஒயின்காரர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்தார்கள். உவமை என்றே பலரும் நினைத்திருப்பார்கள். 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அந்த மூலக்கூறைப் பிடித்துவிட்டார்கள். பெயர் ரோட்டன்டோன். நம் மிளகின் வாசனைக்கும் அதுவே காரணம். உவமை இல்லை, நிஜ மிளகு வாசனை. வேடிக்கை என்னவென்றால் சோதனைக்கு உட்பட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அது அறவே தெரியவில்லை. ஒரே மேஜையில் இருவர் ஷிராஸ் குடித்துவிட்டு மிளகு இருக்கிறது, இல்லை என்று சண்டை போட்டால் இருவருமே சரியாக இருக்கலாம். மிளகு தூவிச் சுட்ட ஆட்டுக்கறி, மிளகுக் காளான் வறுவல் இவற்றுக்கு இது. மிளகாய் போட்டதற்கு இல்லை.

ஜின்ஃபண்டெலை அமெரிக்கர்கள் தங்கள் சொந்தத் திராட்சை என்று கொண்டாடினார்கள். 2001இல் மெரிடித்தும் ஜாக்ரெப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் குரோஷியக் கடற்கரையில் மிஞ்சியிருந்த சில கிழட்டுக் கொடிகளில் அதன் பூர்வீகத்தைக் கண்டார்கள். ஜாம் மாதிரிப் பழச்சுவை, ஆல்கஹால் சர்வசாதாரணமாக 15 சதவிகிதம். இனிப்பான பார்பிக்யூ சாஸ் பூசிய இறைச்சிக்கு இதைவிடப் பொருத்தம் இல்லை.

வெள்ளைக்குத் தாவுவோம். பத்து டாலருக்குள் ஒரே ஒரு வெள்ளைதான் என்றால் நான் சாவின்யோன் பிளாங் என்பேன். நியூசிலாந்தின் மார்ல்பரோவிலிருந்தும் சிலியிலிருந்தும் மலிவாக, தரம் தாழாமல் வருகிறது. நல்ல புளிப்பு, புல், கொய்யா, பச்சை வாசனை. ஓக் பீப்பாய் தேவையில்லாத ஒயின், பறித்துச் சில மாதங்களில் விற்பனைக்கு வந்துவிடும். அதனாலேயே மலிவுக்கும் தரத்துக்கும் இடையே இங்கே பெரிய பள்ளம் இல்லை. ஆட்டுப்பால் சீஸோடு இதன் ஜோடி பிரசித்தம். கொத்தமல்லி, புதினா, எலுமிச்சை தூக்கலாக உள்ள எதோடும் போகும். திருகு மூடியோடு வரும், அதை மட்டம் என்று எண்ணவேண்டாம். தக்கைமூலம் வரும் ஈரப்பூஞ்சை வாசனைப் பிரச்சினை திருகு மூடியில் இல்லை. நியூசிலாந்துக்காரர்கள் பெரும்பாலும் இதற்கே மாறிவிட்டார்கள்.

ஷார்டனேக்கு சொந்த முகம் குறைவு, செய்பவர் போடும் வேஷமே முகம். பினோவுக்கும், குடியானவர் திராட்சை என்று இளக்காரம் செய்யப்பட்ட குவே பிளாங்குக்கும் பிறந்தது என்று 1999இல் தெரிந்தது. கலிஃபோர்னிய பாணியில் மாலிக் அமிலத்தை பாக்டீரியாவால் லாக்டிக் அமிலமாக மாற்றுவார்கள். ஆப்பிள் புளிப்பு போய்த் தயிர்ப் புளிப்பு வரும், கூடவே டைஅசிட்டைல் உண்டாகும். பாப்கார்னுக்கு வெண்ணெய் வாசனை கொடுக்கப் பயன்பட்டதும் இதே மூலக்கூறுதான். லேபிளில் வெண்ணெய், ஓக் என்று போட்டிருந்தால் இந்த வகை. இறால், சோளம், வெண்ணெய் சாஸ் ஊற்றிய கோழிக்குச் சரி. ஓக் இல்லாதது என்று போட்டிருந்தால் மீனுக்கும் சாலட்டுக்கும். பினோ கிரிஜியோ யாருக்கும் தொந்தரவு செய்யாது, யார் நினைவிலும் நிற்காது.

ரீஸ்லிங்கை இனிப்பு ஒயின் என்று ஒதுக்குபவர்கள் நிறையப் பேர். அவர்களால்தான் விலை குறைவாக இருக்கிறது என்று எண்ணுகிறேன், ஒதுக்கட்டும். இனிப்போடு கூர்மையான புளிப்பும் சேர்ந்து வருவதால் திகட்டாது. பழச்சாற்றில் எலுமிச்சை பிழிந்த மாதிரி. வாஷிங்டன் மாநிலத்து ஷட்டோ செயின்ட் மிஷெல் பத்து டாலர் வாக்கில் கிடைக்கும். ஜெர்மன் ரீஸ்லிங்கில் ஆல்கஹால் 8, 9 சதவிகிதத்துக்கும் வரும். பாட்டிலின் பின்பக்கம் இந்த எண்ணைப் பாருங்கள். குறைவாக இருந்தால் மிச்சச் சர்க்கரை உண்டு என்று பொதுவாகக் கொள்ளலாம்.

நம் சாப்பாட்டோடு எது சேரும் என்பதற்கு அந்த எண்தான் சாவி. மிளகாயின் கேப்சைசின், நாக்கில் சூட்டை உணரும் டிஆர்பிவி1 என்ற வாயிலைத் திறந்துவிடுகிறது. அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் கிடைத்தது. இந்த வாயில் சாதாரணமாக 42 டிகிரி செல்சியஸ் வாக்கில் திறக்கும். ஆல்கஹால் அந்த அளவைச் சுமார் 34 டிகிரிக்கு இறக்கிவிடுகிறது. நம் உடம்புச் சூடே 37! எனவே ஆந்திரா மீல்ஸோடு 15 சதவிகித ஜின்ஃபண்டெல் குடித்தால் எரிகிற தீயில் எண்ணெய். டானினும் காரத்தோடு சேர்ந்து கடுகடுக்கும். ஆல்கஹால் குறைந்த, கொஞ்சம் இனித்த, குளிர்ந்த ரீஸ்லிங் அணைக்கும். கோழி வறுவல், காரப் புளிக்குழம்பு, சில்லி பரோட்டா எல்லாவற்றுக்கும் நான் இதையே எடுப்பேன். புளிக்குழம்பின் டார்டாரிக் புளிப்புக்கு ஈடுகொடுக்கும் ஒயின் மலிவுச் சிவப்பில் ஒன்றுகூடக் கிடையாது. ரசத்துக்கு எந்த ஒயினும் வேண்டாம், அதுவே ஒரு பானம். தயிர்சாதத்துக்கு மாவடு இருக்கிறது.

இந்தியாவிலேயே இருப்பவர்களுக்கு நாசிக் ஷெனான் பிளாங். சுலா நிறுவனம் 2000இல் முதலில் வெளியிட்ட ஒயின்களில் இதுவும் ஒன்று. கொஞ்சம் இனிப்பு, போதுமான புளிப்பு, வடை பஜ்ஜிக்குத் தோது. மஸ்கட் என்ற குடும்பத்து ஒயின்களின் மணம் எப்படியிருக்கும் என்று தெரிய ஒயினே வேண்டாம். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். ஒரு பழத்தைக் கடித்து, அந்தப் பன்னீர் வாசனையை மூக்கில் பிடித்துக்கொண்டால் மஸ்கட் என்ன என்பது தெரிந்துவிடும்.

குளிர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்கவேண்டும் என்பார்கள். அந்த அறை ஐரோப்பியக் கல் வீட்டின் அறை, பதினாறு பதினெட்டு டிகிரி. சென்னையில் அறை வெப்பம் 32. அந்தச் சூட்டில் ஆல்கஹால் மட்டுமே மூக்கில் ஏறும், ஜாம் கரைத்த மாதிரி இருக்கும். சிவப்பை அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். வெள்ளையை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வையுங்கள், ரொம்பச் சில்லென்று இருந்தால் வாசனை கிளம்பாது.

பாட்டில் 750 மில்லி, ஐந்து கோப்பை வரும். ஒரே நாளில் தீர்க்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மூடியைத் திருகி, சிவப்பானாலும் ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். புளிப்பும் சர்க்கரையும் கொஞ்சம் கூடுதலாக உள்ள ரீஸ்லிங் ஐந்து நாளும் தாக்குப்பிடிக்கும். அதற்குமேல் மிஞ்சிய மெர்லோவைக் காளான் வதக்கும்போது அரைக் கோப்பை ஊற்றி வற்றவிடலாம்.